நாபா பள்ளத்தாக்கில் ஒரு நாள் நடை: எந்த டிரெயில், எந்த நேரம்?

வடபழனி_வாசன்

ஜூன் கடைசி வாரம் கலிஃபோர்னியாவின் திராட்சைத் தோட்டப் பள்ளத்தாக்கான நாபா போகலாம் என்று இருக்கிறோம். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சமதரையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பார், இறக்கம் என்றால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் இரண்டு பேர், ஏழு வயதும் பதினொன்றும். எனக்கும் மனைவிக்கும் மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு நல்ல ஏற்றம் வேண்டும், வாரம் முழுக்க உட்கார்ந்தே வேலை.

இணையத்தில் தேடினால் எல்லா டிரெயிலும் நாலரை நட்சத்திரம், எல்லாவற்றிலும் "அருமையான காட்சி". எதை நம்புவது? என் திட்டம் இப்போதைக்கு இதுதான்: ஃப்ரீமான்ட்டிலிருந்து காலை ஒன்பதுக்குக் கிளம்பி, வழியில் ஒரு வைனரி (வைன் தயாரிக்கிற இடம்) பார்த்து, மதியச் சாப்பாடு முடித்துவிட்டு, எல்லோருமாக மவுண்ட் செயின்ட் ஹெலினா ஏறுவது. திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் நடக்கிற மாதிரி ஒரு பாதை இருந்தால் அதுவும் வேண்டும். சரிப்படுமா?

காலாறநட

சரிப்படாது.

ஒன்பதுக்குக் கிளம்பினால், மலைக்குப் பக்கத்து ஊரான கலிஸ்டோகா போய்ச் சேரும்போதே பதினொன்று ஆகிவிடும், வைனரியும் சாப்பாடும் முடிந்து மலையடிவாரத்தில் நிற்கும்போது மணி இரண்டு. ஜூன் கடைசியில் அந்த நேரத்துக்குப் பள்ளத்தாக்கின் வடக்கு முனையில் வெயில் 95 ஃபாரன்ஹீட்டைத் தொடுவது சாதாரணம், நூறும் போகும். செயின்ட் ஹெலினா போய்வர 10 மைலுக்கு மேல், ஏற்றம் 2,000 அடிக்கு மேல். முதல் ஒரு மைல் வரை மர நிழல் இருக்கிறது, அதற்கப்புறம் பாதை ஒரு அகலமான மண் ரோட்டில் போய்ச் சேரும், அங்கிருந்து உச்சி வரை தலைக்கு மேல் ஒன்றும் கிடையாது. குழாய்த் தண்ணீரும் கிடையாது. அதில் வைன் வேறு குடித்துவிட்டா? பெரியவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.

நாபாவில் எந்த டிரெயில் என்பது இரண்டாவது கேள்வி. எந்த மாதம், எத்தனை மணிக்கு, நிழல் உண்டா என்பதுதான் முதல் கேள்வி. நட்சத்திரம் போட்டவர்களில் பாதிப் பேர் பிப்ரவரியில் போய் பச்சைப் பசேல் என்று பார்த்துவிட்டு வந்தவர்கள். அதே பாதை ஜூலையில் வேறு பாதை.

சும்மா_சுரேஷ்

வாசன், உங்கள் திட்டத்தில் ஒரே ஒரு திருத்தம் போதும். அதைத் தலைகீழாகத் திருப்புங்கள். மலை முதலில், சாப்பாடு அப்புறம், வைன் கடைசியில். வைனுக்குப் பிறகு யார் வண்டி ஓட்டுவது என்பதை மனைவியோடு முதல் நாள் ராத்திரியே பேசி முடித்துவிடுங்கள், அங்கே போய்ப் பேசினால் சண்டை வரும்.

நாபா_நர்ஸ்

நான் நாபா ஊரிலேயே இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த "திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் நடப்பது". வருகிற எல்லோரும் கேட்பது இதைத்தான். இந்தப் பள்ளத்தாக்கு 30 மைல் நீளம், அகலமான இடத்தில் 5 மைல், கலிஸ்டோகா பக்கம் ஒரு மைலாகக் குறுகிவிடும். நடுவில் இருக்கிற சமதரை முழுக்கத் தனியார் தோட்டம், ஒரு ஏக்கர் விலை கேட்டால் மயக்கம் வரும், அங்கே யாரும் பொதுப்பாதை விட்டுவைக்கவில்லை. பொதுமக்கள் நடக்கிற இடமெல்லாம் இரண்டு பக்க மலைகளிலும் வடக்கு முனையிலும்தான். ஆக, மலையில் நின்று தோட்டத்தைக் கீழே பார்ப்பீர்கள். நடுவில் நடக்க மாட்டீர்கள்.

இதற்கு விதிவிலக்கு வைன் டிரெயில் (Vine, திராட்சைக் கொடி; குடிக்கிற வைன் இல்லை). வலேஹோ படகுத்துறையிலிருந்து கலிஸ்டோகா வரை 47 மைல் என்பது மொத்தத் திட்டம், துண்டு துண்டாகக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். நாபாவிலிருந்து யவுன்ட்வில் வரை பல வருடமாக இருக்கிறது, செயின்ட் ஹெலினா ஊருக்கும் கலிஸ்டோகாவுக்கும் நடுவில் இருக்கிற துண்டு 2024-இல் திறந்தது. சமதளம், தார்ப்பாதை, தள்ளுவண்டி, சக்கர நாற்காலி, சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் போகும். யவுன்ட்வில் துண்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை, ஹைவே 29-ஐ ஒட்டியே போகிறது, ஒரு காதில் கார் இரைச்சல், நிழலும் குறைவு. வடக்குத் துண்டு எவ்வளவோ மேல். அப்பாவுக்கு அது சரியாக இருக்கும், ஆனால் காலை எட்டு மணிக்குள். பத்து மணிக்குத் தார் சுடும்.

இன்னொன்று. தெற்கே சான் பாப்லோ விரிகுடாவிலிருந்து காலையில் பனிமூட்டம் உள்ளே வரும், அதனால் நாபா ஊர்ப்பக்கம் பகலிலும் கொஞ்சம் குளிர்ச்சி. வடக்கே போகப் போகச் சூடு. கடலை விட்டு விலகிப் போகிறீர்கள் என்பதுதான் காரணம். வடக்கு என்றதும் குளிர் என்று நினைத்துக்கொண்டு கலிஸ்டோகாவுக்கு ஜாக்கெட்டோடு வருகிறவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன்.

வடபழனி_வாசன்

அக்கா, ரொம்ப நன்றி. வடக்கு சூடு என்பது எனக்குத் தெரியவே தெரியாது. அப்படியென்றால் ஜூனில் மலை ஏறவே கூடாதா? செயின்ட் ஹெலினாவை விட மனசு வரவில்லை.

காலாறநட

ஏறலாம். விடிகாலை ஐந்துக்கு ஃப்ரீமான்ட்டை விட்டால் ஏழு மணிக்குள் டிரெயிலில் கால் வைத்துவிடலாம், பதினொன்றுக்குள் கீழே. நீங்களும் மனைவியும் மட்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, உப்புப் போட்ட ஏதாவது. குடையைக் கேலி செய்யாதீர்கள், மேலே அந்த மண் ரோட்டில் குடை பிடித்துக்கொண்டு நடப்பவர்கள்தான் புத்திசாலிகள்.

சீக்கிரம் போவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. மேலே ஏறித் திரும்பினால் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி நிரம்பிக் கிடக்கும், அங்கங்கே மலைமுகடு மட்டும் தீவு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். எட்டரை ஒன்பது மணிக்கு அது கலையத் தொடங்கிவிடும். மதியம் போகிறவனுக்கு இது கிடைக்காது.

பச்சிலை

செயின்ட் ஹெலினாவைக் கொஞ்சம் அதிகமாகவே தூக்கி வைக்கிறோம் என்பது என் கருத்து. வட்டாரத்தில் உயரமான மலை (4,342 அடி) என்பதால் எல்லாப் பட்டியலிலும் முதலிடம். நடந்து பார்த்தால் முக்கால்வாசி தூரம் வண்டி போகிற மண் ரோடு, ஒரே சீரான ஏற்றம், உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள். மண் ரோட்டில் நடக்க நாபா வரை எதற்கு?

அதே இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனால் டேபிள் ராக் பாதை. போய்வர நாலரை மைல்கூட வராது. ஆனால் பாதை ஏறும், இறங்கும், பாறைக்குள் நுழையும், ஓடையைத் தாண்டும், கடைசியில் எரிமலைப் பாறை விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தும். கீழே கலிஸ்டோகா, அதற்கப்பால் தோட்டங்கள், கட்டம் கட்டமாக. அந்தச் செங்குத்துப் பாறைகளில் பெரெக்ரின் வல்லூறுகள் கூடு கட்டுகின்றன, பொறுமையாக உட்கார்ந்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு கீழே பாய்வதைப் பார்க்கலாம். பாதி தூரத்தில் இரண்டு மடங்கு காட்சி.

காலாறநட

பச்சிலை சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். வாசன் கேட்டது மூச்சு வாங்குகிற ஏற்றம். டேபிள் ராக்கில் அது கிடைக்காது. மேலும் செயின்ட் ஹெலினா உச்சியில் சுற்றி நாலு பக்கமும் திறந்திருக்கும், மழை பெய்து ஓய்ந்த குளிர்காலக் காலையில் சியரா மலைத்தொடரின் வெள்ளை தெரியும், மிகத் தெளிவான நாளில் சுமார் 190 மைல் தள்ளி இருக்கிற மவுண்ட் சாஸ்டாவே தெரியும். ஜூனில் தெரியாது, கானல் புகைதான். அதனால் நானும் அதைக் குளிர்கால மலை என்றுதான் சொல்வேன்.

அப்புறம் அது எரிமலை இல்லை. பார்க்க அப்படி இருக்கும், எரிமலைக் கற்களால் ஆனதும் உண்மை, ஆனால் அதற்கு வாய் கிடையாது. பிள்ளைகளிடம் "எரிமலை பார்க்கப் போகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனால் மேலே பதில் சொல்ல வேண்டி வரும்.

மெய்யப்பன்_சான்டா_ரோசா

எழுத்தாளர் ஸ்டீவன்சன் கதையை யாரும் சொல்லவில்லையே. அந்தப் பூங்காவின் பெயரே ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் ஸ்டேட் பார்க். 1880 கோடையில், கல்யாணம் ஆன கையோடு, கையில் காசில்லாமல், நெஞ்சு நோயோடு, அந்த மலைச்சரிவில் கைவிடப்பட்ட சில்வராடோ வெள்ளிச் சுரங்கத்தின் பழைய கொட்டகையில் மனைவியோடு குடியிருந்தார். பின்னால் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். பாதையில் முதல் ஒரு மைலுக்குள்ளேயே, திறந்து வைத்த புத்தகம் மாதிரி செதுக்கிய ஒரு நினைவுக்கல் வரும். அதுவரை முழுக்க நிழல், டக்ளஸ் ஃபிர், மட்ரோன் மரங்கள். பிள்ளைகளை அங்கே வரை கூட்டிப்போய்த் திரும்பலாம், அதுவே அவர்களுக்கு ஒரு மலை ஏறிய கணக்கு.

அதற்கு முன்னால் 1841-இல் ஃபோர்ட் ராஸ் குடியிருப்பிலிருந்து ரஷ்யர்கள் வந்து உச்சியில் ஒரு செப்புத் தகடு வைத்துவிட்டுப் போனார்கள். கலிஃபோர்னியா அப்போது மெக்சிகோவிடம் இருந்தது. இதெல்லாம் தெரிந்துகொண்டு ஏறினால் மண் ரோடும் அலுக்காது, பச்சிலை.

டீக்கடை_பெஞ்ச்

நடுவில் ஒரு சந்தேகம். எங்களிடம் நாய் இருக்கிறது, லாப்ரடார், வயது மூன்று. அதையும் கூட்டிப்போகலாமா?

நாபா_நர்ஸ்

ஸ்டீவன்சன் பார்க் டிரெயிலில் நாய்க்கு அனுமதி இல்லை. கலிஃபோர்னியா மாநிலப் பூங்காக்களில் பெரும்பாலும் அப்படித்தான், முகாமிடும் இடத்திலும் தார்ப்பாதையிலும் விடுவார்கள், மண்பாதையில் விடமாட்டார்கள். நாய் உள்ளவர்களுக்கு நாபா ஊருக்குள்ளேயே ஆல்ஸ்டன் பார்க். 157 ஏக்கர், மேடும் பள்ளமுமான புல்வெளி, ஒரு பகுதியில் கயிறில்லாமலே ஓட விடலாம். மேட்டில் ஏறினால் வேலிக்கு அந்தப் பக்கம் திராட்சைத் தோட்டம். வாசன், நீங்கள் கேட்ட "தோட்டத்துப் பக்கத்தில் நடப்பது"க்கும் இது பரவாயில்லாத பதில். நிழல் கிடையாது, அதனால் காலையிலோ சாயந்திரமோ. நாங்கள் சாயந்திரம் வேலை முடிந்து அங்கேதான் நடப்போம், ஜூனில் எட்டரை வரை வெளிச்சம் இருக்கும்.

வடபழனி_வாசன்

அப்பா அம்மாவுக்கு என்ன செய்வது? அவர்களை வண்டியில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் மலை ஏறப் போவது சரியாகப் படவில்லை.

நாபா_நர்ஸ்

அவர்களுக்குப் பாத்தி-நாபா வேலி ஸ்டேட் பார்க். செயின்ட் ஹெலினா ஊருக்கும் கலிஸ்டோகாவுக்கும் நடுவில், ஹைவே 29-லேயே இருக்கிறது. (செயின்ட் ஹெலினா ஊர் வேறு, மலை வேறு. ஊரில் இறங்கி மலை எங்கே என்று கேட்பவர்கள் உண்டு.) ரிச்சி ஓடையை ஒட்டி ரெட்வுட் மரங்களுக்கு அடியில் ஒரு பாதை போகிறது. ரெட்வுட் கடலோரப் பனியை நம்பி வாழ்கிற மரம், கடலை விட்டு இவ்வளவு உள்ளே தள்ளி அது நிற்பதே அதிசயம், அந்த மலையிடுக்கின் குளிர்ச்சியில் பிழைத்துக் கிடக்கிறது. வெளியே 90 இருந்தாலும் உள்ளே நுழைந்ததும் வித்தியாசம் தோலில் தெரியும். ஏற்றம் மிகக் குறைவு, அப்பா எங்கே வேண்டுமானாலும் நின்று திரும்பலாம். ஜூன் கடைசியில் ஓடையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கும், அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

அங்கே நீச்சல்குளமும் உண்டு. என்றைக்குத் திறப்பார்கள் என்று பார்த்துக்கொண்டு போங்கள், பிள்ளைகளுக்கு மற்ற எதுவும் நினைவில் நிற்காது, அதுதான் நிற்கும்.

காலாறநட

பாத்தியிலேயே கொயோட் பீக் இருக்கிறது, ஏறத்தாழ 1,170 அடி. ரெட்வுட் பாதையோடு சேர்த்து வளைத்து வந்தால் சுமார் 5 மைல். சில இடங்களில் நல்ல செங்குத்து, வாசன் கேட்ட மூச்சு வாங்கல் கிடைக்கும். உச்சியில் பெரிய காட்சி எதிர்பார்க்காதீர்கள், மரங்கள் மறைக்கும். ஆனால் ஜூனுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்றம் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரிந்து இல்லை, பெரும்பகுதி நிழல். ஒரே பூங்காவில் பெரியவர்கள் ஓடையோரம், நீங்கள் இருவரும் மேலே. யாரும் வண்டியில் காத்திருக்க வேண்டாம்.

மெய்யப்பன்_சான்டா_ரோசா

அதோடு பேல் ஆலையையும் சேருங்கள். 1846-இல் கட்டிய மாவு ஆலை, 36 அடி விட்டமுள்ள மரச்சக்கரம், தண்ணீர் விழுந்து சுற்றுகிறது. வார இறுதியில் ஓட்டிக் காட்டுவார்கள். பாத்தியிலிருந்து ஹிஸ்டரி டிரெயில் என்று ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு பாதை அங்கே போகிறது, பழைய கல்லறைத் தோட்டத்தைத் தொட்டுக்கொண்டு. பாதையில் மேடு உண்டு, அப்பாவுக்கு வேண்டாம். நீங்கள் பிள்ளைகளோடு நடந்து போங்கள், அம்மா அப்பாவை மனைவி காரில் கொண்டுவந்து ஆலை வாசலில் இறக்கட்டும், அங்கே வண்டி நிறுத்தத்திலிருந்து நடை கொஞ்சம்தான்.

ஊரில் மாவு மில் வாசலில் தகர டின்னோடு காத்திருந்த தலைமுறை அவர்கள். கல் எப்படி மாவை அரைத்துத் தள்ளுகிறது என்று அவர்கள் ஆலைக்காரரைக் கேட்கிற கேள்வி நமக்குத் தோன்றாது. என் அண்ணன் வந்தபோது அங்கிருந்து கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது, வைனரிக்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்கவில்லை.

பச்சிலை

பெரியவர்கள் ஓடையோரம் போகிறார்கள் என்றால் பாய்சன் ஓக் என்கிற அரிப்புச் செடி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் அது நன்றாகச் செழிக்கும், பாத்தியில் நிறையவே உண்டு.

ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்குக் கொஞ்சம் நீளமான காம்பு, ஓரம் நெளிநெளியாக இருக்கும். வசந்தத்தில் எண்ணெய் தடவியது போல் பளபளக்கும், கோடை முடிவில் சிவக்கும், பிள்ளைகளுக்கு அந்தச் சிவப்பு அழகாகத் தெரிந்து பறிக்கப் போவார்கள். குளிர்காலத்தில் இலையே இருக்காது, வெறும் குச்சி, அந்தக் குச்சியைத் தொட்டாலும் அரிக்கும். புதராகவும் இருக்கும், மரத்தில் கொடியாகவும் ஏறும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க எளிய வழி ஒன்று உண்டு: சேராங்கொட்டையின் உறவு. மா, முந்திரி, சேராங்கொட்டை, பாய்சன் ஓக் எல்லாம் ஒரே குடும்பம். முந்திரிக் கொட்டைப் பால் பட்டால் எப்படி வெந்துபோகிறதோ அதே வகைச் சமாசாரம். சேரா மரத்தின் கீழே நிற்காதே என்று சொல்லி வளர்ந்த அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அதற்கப்புறம் பிள்ளைகளை அவரே பார்த்துக்கொள்வார்.

பட்டுவிட்டால் எவ்வளவு சீக்கிரம் சோப்புப் போட்டுக் கழுவுகிறீர்களோ அவ்வளவு நல்லது, அந்தப் பிசின் தோலில் ஊறிவிட்டால் பயனில்லை. துணியிலும் ஷூ நாடாவிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும், நாயின் முடியிலும் வரும். டீக்கடை, கவனம். லாப்ரடாருக்கு ஒன்றும் ஆகாது, அதைக் கட்டிப்பிடிக்கிற உங்களுக்குத்தான்.

டீக்கடை_பெஞ்ச்

நாயை வீட்டிலேயே விட்டுவிடுகிறேன்.

சும்மா_சுரேஷ்

பாம்பு உண்டா? அம்மா கேட்கச் சொன்னார்.

காலாறநட

ராட்டில் ஸ்நேக் உண்டு. வெயில் ஏறியதும் பாதையில் வந்து படுக்கும். வாலை ஆட்டிச் சத்தம் போட்டால் நின்று, பின்வாங்கி, அது போகும் வரை காத்திருங்கள். கல் மேல் கை ஊன்றும்போதும் கட்டையில் உட்காரும்போதும் முதலில் பாருங்கள், அவ்வளவுதான். எனக்கு அதைவிட உண்ணிதான் கவலை. பாதையோரப் புல் நுனியில் காத்திருந்து காலில் ஏறும், லைம் நோயைப் பரப்பும். பாதை நடுவில் நடங்கள், வெளிர் நிறக் கால்சட்டை போட்டால் ஊர்வது தெரியும், வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளின் காது மடல் பின்னாலும் முழங்கால் மடிப்பிலும் பாருங்கள்.

மெய்யப்பன்_சான்டா_ரோசா

எல்லோரும் நாபா நாபா என்கிறீர்கள். மலைக்கு இந்தப் பக்கம் சோனோமா பள்ளத்தாக்கு இருக்கிறது, கூட்டமும் குறைவு, செலவும் குறைவு. வாசன் கேட்டதெல்லாம் இங்கே ஒரே இடத்தில் கிடைக்கும்.

க்ளென் எலனில் ஜாக் லண்டன் பார்க். எழுத்தாளர் ஜாக் லண்டன் ஆசை ஆசையாகக் கட்டிய வுல்ஃப் ஹவுஸ் என்கிற வீடு, குடிபோகத் தயாராக இருந்த நேரத்தில், 1913 ஆகஸ்டில் எரிந்துபோனது. கல் சுவர்களும் புகைபோக்கிகளும் மட்டும் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. அருங்காட்சியகத்திலிருந்து அரை மைலுக்குச் சற்று மேல், சின்ன ஏற்ற இறக்கம், மெதுவாகப் போனால் அப்பாவால் முடியும். மறுபக்கம் அவருடைய பண்ணை, பழைய வைனரியின் இடிந்த சுவர்கள், பன்றிகளுக்காக வட்டமாகக் கல்லில் கட்டிய கொட்டில். பன்றிக்கொட்டிலைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அங்கே பாதையை ஒட்டியே திராட்சைக் கொடிகள் இருக்கின்றன, அக்கா முடியாது என்று சொன்ன விஷயம்.

ஏற்றம் வேண்டுமென்றால் கென்வுட் பக்கம் சுகர்லோஃப் ரிட்ஜ். பால்ட் மவுண்டன் 2,729 அடி, மேலே நின்றால் ஒரு பக்கம் நாபா, மறுபக்கம் சோனோமா. அடிவாரத்தில் வானாய்வுக்கூடம், அதிலிருந்து தொடங்கி சூரியக் குடும்பத்தை அளவு மாறாமல் சுருக்கிப் பாதையில் பதித்திருக்கிறார்கள். பூமியும் செவ்வாயும் கூப்பிடு தூரத்திலேயே வந்துவிடும், அப்புறம் யுரேனஸைப் பிடிக்க நடையோ நடை. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

நாபா_நர்ஸ்

ஐயா, கொடியைப் பற்றி நான் சொன்னது நாபாவுக்கு மட்டும். ஜாக் லண்டன் பார்க் நல்ல இடம், மறுக்கவில்லை. பால்ட் மவுண்டன் மட்டும் ஜூன் கடைசியில் வேண்டாம், பெயரிலேயே மொட்டை இருக்கிறது. மார்ச்சில் காட்டுப்பூ பார்க்கப் போகலாம், மழைக்காலத்தில் அங்கே 25 அடி அருவியும் விழும்.

ஒரு விஷயத்தை இரண்டு பள்ளத்தாக்குக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தீ. 2017 அக்டோபரில் டப்ஸ் தீ கலிஸ்டோகா பக்கத்தில்தான் தொடங்கியது, ஒரே ராத்திரியில் சான்டா ரோசா வரை போய்விட்டது. 2020 செப்டம்பர் கடைசியில் கிளாஸ் தீ, பாத்தி பூங்காவிலும் சுகர்லோஃபிலும் புகுந்தது. அதனால் ஜூனிலிருந்து முதல் மழை வரும் வரை, கிளம்புகிற அன்று காலையில் இரண்டு காரியம் பாருங்கள். "ரெட் ஃப்ளாக்" என்கிற தீ அபாய எச்சரிக்கை இருக்கிறதா, பூங்கா திறந்திருக்கிறதா. காற்று வடகிழக்கிலிருந்து காய்ந்து அடிக்கிற நாளில் மலைப்பாதையே வேண்டாம், ஒரே வழியாக உள்ளே போய் அதே வழியாக வெளியே வருகிற இடங்கள் அவை. ஸ்டீவன்சன் பார்க் பக்கம் போன் சிக்னலும் நம்ப முடியாது, எச்சரிக்கை வந்தாலும் உங்களுக்கு வராது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சிலை

எரிந்த இடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். செயின்ட் ஹெலினா சரிவில் நாப்கோன் பைன் என்று ஒரு மரம். அதன் காய் கிளையோடு ஒட்டிக்கொண்டு பிசினால் இறுக மூடியே கிடக்கும், வருடக்கணக்கில் திறக்காது, நெருப்பின் சூடு பட்டால்தான் பிசின் உருகி விதை கொட்டும். தீ வந்த இடத்தில் கரிக்கட்டைகளுக்கு நடுவே இடுப்பளவு பைன் கன்றுகள் நெருக்கமாக நிற்பதைப் பார்த்தால் கதை புரியும். பக்கத்திலேயே மான்சனிட்டா, கருஞ்சிவப்புப் பட்டை, கொய்யா மரத்துப் பட்டை மாதிரி வழவழப்பாகச் சுருண்டு உரியும். தொடலாம், இது கடிக்காது.

வடபழனி_வாசன்

எல்லோருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டோம். விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்புகிறோம், அம்மா முதல் நாளே புளியோதரை கிளறி வைத்துவிடுவார், தயிர்சாதம் ஐஸ் பெட்டியில். ஏழரைக்கு வைன் டிரெயிலின் வடக்குத் துண்டில் எல்லோருமாகக் கொஞ்ச தூரம். பிறகு பாத்தி. நானும் மனைவியும் கொயோட் பீக், அம்மா அப்பா பிள்ளைகள் ரெட்வுட் பாதை. பிள்ளைகளோடு ஆலை, அப்புறம் குளம். வைனரி கடைசியில் ஒன்றே ஒன்று. செயின்ட் ஹெலினா ஜனவரிக்குத் தள்ளிவைத்தாயிற்று.

ஒரே கவலை, ஐந்தரைக்கு என் பிள்ளைகள் எழுந்திருப்பது.

சும்மா_சுரேஷ்

எழுப்பாதீர்கள், அப்படியே தூக்கி வண்டியில் போடுங்கள். வைனரிக்கு முன்பதிவு செய்துவிட்டீர்களா? நாபாவில் பல இடங்களில் சொல்லாமல் போனால் உள்ளே விடுவதில்லை. பிள்ளைகளை அனுமதிப்பார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாபா_நர்ஸ்

வரும்போது நாபா ஊரிலிருந்து ஹைவே 29-க்குப் பதிலாக சில்வராடோ டிரெயில் ரோட்டைப் பிடியுங்கள். பெயர்தான் டிரெயில், அது கார் ரோடு, கிழக்கு மலையடிவாரத்தை ஒட்டி 29-க்கு இணையாகப் போகிறது, சிக்னலும் நெரிசலும் குறைவு. திரும்பும்போது சனிக்கிழமை நாலு மணிக்கு 29-இல் மாட்டினால் நாள் முழுக்க நடந்த சந்தோஷம் போய்விடும். ஜனவரியில் வந்தால் கொடிகள் மொட்டையாக நிற்கும், ஆனால் வரிசைகளுக்கு நடுவில் கடுகு பூக்கத் தொடங்கியிருக்கும், மார்ச் வரை மஞ்சள்தான்.

காலாறநட

ஜனவரிக்கு ஆள் சேர்ப்பதாக இருந்தால் வேறு ஒரு யோசனை. டேபிள் ராக்கில் தொடங்கி, பாலிசேட்ஸ் பாறைச்சுவரின் அடியோடே போய், ஓட் ஹில் மைன் டிரெயில் வழியாகக் கலிஸ்டோகாவில் இறங்குவது. ஒரு வழி நடை, கிட்டத்தட்ட 11 மைல், மொத்தத்தில் இறக்கம் அதிகம். ஓட் ஹில் பாதை பாதரசச் சுரங்கங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போட்ட வண்டி ரோடு. சில இடங்களில் இரும்புப் பட்டை போட்ட சக்கரம் எரிமலைப் பாறையில் ஆழமாகத் தடம் பதித்திருக்கிறது, காலை உள்ளே வைத்துப் பார்க்கலாம். நடுவில் ஒரு பழைய பண்ணைவீட்டின் கல் அடித்தளம் இருக்கிறது, சாப்பிட அதுதான் இடம். செயின்ட் ஹெலினாவும் வேண்டாம், டேபிள் ராக் மட்டும் என்றும் வேண்டாம், பச்சிலைக்கும் எனக்கும் சண்டை தீர்ந்தது.

இதற்கு இரண்டு வண்டி வேண்டும். ஒன்றைக் கலிஸ்டோகாவில் விட்டுவிட்டு மற்றதில் எல்லோரும் மேலே போக வேண்டும்.

பச்சிலை

நான் வருகிறேன். சண்டை தீரவில்லை. மேலே நிறுத்துகிற வண்டி என்னுடையது, ரோட்டைத் தாண்டும்போது மட்டும் பார்த்துத் தாண்டுங்கள், அந்த வளைவில் வண்டிகள் நிற்காமல் வரும்.

வடபழனி_வாசன்

கீழே விடுகிற வண்டி என்னுடையது. ஏழு பேர் வரை ஏறலாம். பெரியவன் வருவானா என்று அவனைக் கேட்டுச் சொல்கிறேன், 11 மைல் என்று சொல்லாமல் கேட்கிறேன்.